மரத்தடித் தலைவரின் போன்

ஆடு திருடர்கள் வந்தால் உடனே சொல்லச்சொல்லி, தலைவர் லொமூரியாவிடம் போலீஸார் ஒரு சாட்டிலைட் போன் கொடுத்திருந்தார்கள். திறந்த வெளியில் வானத்துக்குக் காட்டினால்தான் அது பேசும். இலை மறைத்தாலும் ஊமைதான். ஆனால் துர்க்கானா பழங்குடித் தலைவர் முக்கியமான பேச்சை மரத்தடியில்தானே பேசுவார்! பட்டப்பகலில் திருடர்கள் ஊர் ஆடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போக, மகானுபாவர் நிழலில் மணைபோட்டு உட்கார்ந்து, "ஹலோ! ஹலோ!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆடுகளைப் பறிகொடுத்த அருபேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெயில்ல வந்து பேசுய்யா!"

"வெயில்ல நின்னு கத்த நான் என்ன ஆடு மேய்க்கிறவனா?"

"அந்தக் கவலையே வேண்டாம். இனிமே இந்த ஊர்ல யாரும் மேய்க்கப் போறதில்ல. நகர்ந்து உக்காரு, எல்லாருக்கும் நிழல் வேணும்."