செருப்பு ஆஸ்பத்திரி

விளையாட்டுப் பள்ளியின் சுவரில் ஒரு முயலும் ஒரு யானையும் கைகோர்த்து நின்றன. அவற்றின் தலைக்கு மேலே, 'இங்கே குழந்தைகள் விளையாடி விளையாடியே கற்கிறார்கள்' என்று வானவில் நிறத்தில் எழுதியிருந்தது. தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது வகுப்பு மிஸ் அந்த வரியைப் பார்ப்பாள். தினமும் எரிச்சல் வரும். அதை எழுதிய பெயின்டரே நம்பியிருக்க மாட்டான் என்பது அவள் கருத்து.

மிஸ்ஸுக்கு உலகத்தில் முக்கால்வாசிப் பேர் மேல் இளக்காரம்தான். முதலில் பெற்றோர். விளையாட்டு வழிக் கல்வி என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக் கொண்டுதான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். சாயங்காலம் கூட்டிப்போக வந்ததும், "இன்னிக்கு எத்தனை எழுத்து மிஸ்?" என்று வாசலிலேயே கேட்பார்கள். பிள்ளையின் சட்டையில் துளி சேறு இருந்துவிட்டால் போதும், முகம் எட்டு கோணலாகும். ஒரு தகப்பனார், தன் மகன் மணலில் குழி தோண்டியதைக் கேட்டுவிட்டு, "தோண்டட்டும், அப்படியே எத்தனை தடவை தோண்டறான்னு எண்ணச் சொல்லுங்க" என்றார். அவரைப் பற்றி மிஸ் வீட்டில் நாலு நாள் பேசினாள்.

அடுத்தது மேடம். பள்ளிக்குச் சொந்தக்காரி. இதற்கு முன் ஜன்னல் திரைச்சீலை விற்றுக் கொண்டிருந்தவர். இப்போதும் அதே வியாபாரம்தான், உள்ளே இருப்பதை மறைக்க வெளியே பூப்போட்ட துணி தொங்கவிடுகிற வேலைதானே என்று மிஸ் மனதுக்குள் சொல்லிக் கொள்வாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் பட்டாணி.

பட்டாணி மிஸ்ஸின் மகள். ஐந்து வயது நெருங்குகிறது. உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் உருண்டு கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். மிஸ் வேலை பார்ப்பதால் அவளையும் அதே வகுப்பில் சேர்த்துக் கொண்டிருந்தார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு: பள்ளிக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது, மற்ற பிள்ளைகள் ஏங்கிப் போவார்களாம். பட்டாணி அதை வெகு சுலபமாகப் பழகிக் கொண்டாள். கேட்டுக்கு வெளியே அம்மா, உள்ளே மிஸ். சில நாள் கேட்டின் நடுவில் ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, "இப்ப நீ யாரு?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

வகுப்பில் நாலு மூலைகள். கட்டை மூலை, சமையல் மூலை, தண்ணீர் மூலை, புத்தக மூலை. பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி எங்கே வேண்டுமானாலும் போய் விளையாடலாம் என்பது ஏற்பாடு. பட்டாணிக்கு இந்த நாலும் பிடிக்கவில்லை. அவள் தனக்கென்று ஐந்தாவது மூலை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள்: வாசலை ஒட்டிய செருப்பு அலமாரி. அங்கே அவள் செருப்பு ஆஸ்பத்திரி நடத்தி வந்தாள். வார் அறுந்த செருப்புக்குக் கால் உடைந்திருக்கிறது, தேய்ந்த செருப்புக்கு ரத்தம் குறைச்சல், சேறு பட்ட செருப்புக்குக் காய்ச்சல். ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டு, பழைய ரிப்பனால் கட்டுப் போட்டு, ஜோடி பக்கத்தில் படுக்க வைப்பாள். "இவங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்கு, அழ மாட்டாங்க" என்பாள். ஜோடி தொலைந்த ஒற்றைச் செருப்பைத் தன் மடியிலேயே வைத்துக் கொள்வாள். மிஸ் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள். உலகத்தில் அவளுக்கு இளக்காரம் இல்லாத ஒரே சங்கதி அந்த ஆஸ்பத்திரிதான்.

அப்போதுதான் பெரிய பள்ளியின் பிரின்சிபால் வரப் போவதாக மேடத்துக்குச் செய்தி வந்தது. ஒரு காலைப்பொழுது வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பாராம். பிடித்த சில பிள்ளைகளை நேர்முகம், பரீட்சை எதுவும் இல்லாமல் நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக் கொள்வாராம். மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மிஸ்ஸுக்கும்தான், ஆனால் அதை அவள் காட்டிக் கொள்ளவில்லை.

பெரிய பள்ளியில்தான் அவள் ஓர்ப்படியின் மகன் படிக்கிறான். அந்த ஒரு காரணத்துக்காகவே ஓர்ப்படி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள். போன மாதம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, "அங்கல்லாம் இடம் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம். உங்க பட்டாணிக்குப் பக்கத்துல இருக்கறதே போதாதா?" என்றாள், தேன் ஒழுக. மிஸ் சிரித்துக் கொண்டே குழம்பை ஊற்றினாள். அன்றிலிருந்து பட்டாணிக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

மேடம் மிஸ்ஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பிள்ளைங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு விளையாடணும் மிஸ். அதுதான் நம்ம கொள்கை. ஆனா யாரு எப்ப எதுக்கு இஷ்டப்படணும்கறதை நாம முன்னாடியே முடிவு பண்ணிடணும்."

"மணி அடிச்சு மாத்தலாமா மேடம்?" என்றாள் மிஸ், முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

"மணி அடிச்சா ஸ்கூல் மாதிரி ஆயிடும். நான் ஓரமா நின்னு இருமறேன். ஒரு இருமலுக்கு ஒரு மூலை. பாக்கறவங்களுக்குப் பிள்ளைங்க தானா நகர்ற மாதிரி இருக்கும்."

இதைவிடக் கேடுகெட்ட யோசனை ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்று மிஸ்ஸுக்குத் தெரியும். "நல்ல யோசனை மேடம்" என்றாள்.

ஒத்திகை தொடங்கியது. ஒத்திகை என்றால் சாமானிய ஒத்திகை இல்லை, ஆண்டு விழா நாடகத்துக்குக்கூட யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. விளையாடுவது எப்படி என்று ஒத்திகை பார்த்ததில் பிள்ளைகளுக்கு விளையாட நேரமே கிடைக்கவில்லை. சமையல் மூலையில் யார் கரண்டியைப் பிடிப்பது, யார் 'உப்பு பத்தலை' என்பது, தண்ணீர் மூலையில் யார் ஆச்சரியப்படுவது, எல்லாம் மேடம் வகுத்தது. எதையும் இடித்துத் தள்ளுவதே பிறவிக் குணமாகக் கொண்ட ஒரு பையன் இருந்தான். அவனை எல்லாரும் புல்டோசர் என்பார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றியதும் அவன் கட்டைக் கோபுரத்தைத் தற்செயலாகத் தட்டிவிட வேண்டும், மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். விடாமுயற்சி என்று மேடம் அதற்குப் பெயர் வைத்தார். சில நாளில் புல்டோசர் மணல் வீட்டைக்கூட இடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இடிக்கலாமா மிஸ்?" என்று கேட்டான். மிஸ் வேறு பக்கம் பார்த்தாள்.

"அந்தச் செருப்பு அசிங்கத்தை முதல்ல நிறுத்துங்க" என்றார் மேடம். "வர்றவங்க மூக்கைப் பொத்திக்குவாங்க."

மிஸ்ஸே செருப்பு அலமாரியை இழுத்துப் பின்கட்டில் வைத்தாள். மறுநாள் பட்டாணி காலியான இடத்தில் வந்து நின்றாள்.

"பேஷன்ட்டெல்லாம் எங்க மிஸ்?"

"குணமாயிடுச்சு. வீட்டுக்குப் போயிட்டாங்க."

"ஒத்தைச் செருப்பு கூடவா? அதுக்கு வீடே இல்லையே."

"நீ போய்ப் புத்தக மூலையில உக்காரு. ரெண்டாவது இருமலுக்கு உன் முறை."

ஒரு வாரத்துக் கூத்துதானே, இடம் கிடைத்ததும் பிள்ளை பழையபடி உருளட்டும் என்று மிஸ் தன்னைத் தானே சமாதானப்படுத்திக் கொண்டாள். மேடம் போடும் வேஷத்துக்குத் தான் வெறும் எடுபிடி என்பதும் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. ஆனால் பிள்ளைகளைப் பழக்கியது மேடம் இல்லை. மேடத்துக்குப் பத்து நிமிஷம் நின்றாலே கால் வலிக்கும். மூலைக்கு மூலை நின்று, இருமி இருமி, முந்தி ஓடியவனைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திப் பழக்கியதெல்லாம் மிஸ்தான். கெட்டிக்காரத்தனமாகவே பழக்கினாள். பட்டாணியைத்தான் எல்லாரையும்விடக் கவனித்துப் பழக்கினாள்.

பிரின்சிபால் வந்த நாள் காலையில் வகுப்பில் நுழையவே முடியவில்லை, அப்படி ஒரு பெயின்ட் நெடி. மேடம் ஆசை விடாமல் முந்தின நாள் சாயங்காலம் முயலுக்கும் யானைக்கும் புதுப் பூச்சு அடிக்கச் சொல்லியிருந்தார். பிரின்சிபால் விறைப்பான உடையில், விறைப்பான முகத்தோடு வந்து, பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் எப்படியோ உட்கார்ந்தார். மேடம் வாயெல்லாம் பல்லாக ஓரத்தில் நின்றார்.

விளையாட்டு ஆரம்பித்தது. 'உப்பு பத்தலை' என்ற குரல் வந்தது. தண்ணீர் மூலையில் ஆச்சரியப்பட்டார்கள். மேடம் இருமுவதற்குத் தொண்டையைத் தயார் பண்ணிக் கொண்டிருந்தார். அதற்குள் பெயின்ட் நெடி பிரின்சிபாலின் தொண்டையில் ஏறி, அவர் இருமிவிட்டார்.

வகுப்பு மொத்தமும் எழுந்தது. எல்லாரும் அடுத்த மூலைக்குப் போய் உட்கார்ந்தார்கள். பிரின்சிபால் கைக்குட்டையை எடுப்பதற்குள் இன்னொரு இருமல். மறுபடி எழுந்தார்கள். அப்புறம் தொடர்ந்து நாலைந்து. கரண்டி வைத்திருந்தவள் கரண்டியோடு ஓடினாள், சட்டை நனைந்தவன் சொட்டச் சொட்ட ஓடினான், புல்டோசர் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். மேடம் பதறிப் போய்க் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். கோபுரம் பொத்தென்று விழுந்தது. எல்லாரும் அவரவர் ஓடிய இடத்திலிருந்தே கைகொட்டிச் சிரித்தார்கள்.

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மிஸ்ஸுக்கு உள்ளூர ஒரு குரூரமான சந்தோஷம். மானம் போகட்டும், இந்தத் திரைச்சீலைக் கடைக்கு இது வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே பட்டாணியின் ஞாபகம் வந்து, பிள்ளை எந்த மூலையில் இருக்கிறது என்று தேடினாள்.

பிரின்சிபால் தண்ணீர் குடித்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, இருமல் வராமலே, வேண்டுமென்று ஒருமுறை இருமினார். வகுப்பு எழுந்து அடுத்த மூலைக்குப் போய் உட்கார்ந்தது.

அவர் பட்டாணியைக் கிட்டே கூப்பிட்டார். "இந்த மூலை, அந்த மூலை எதுவும் வேணாம். நாம ரெண்டு பேரும் விளையாடலாம். உனக்கு என்ன விளையாடணும், நீ சொல்லு."

மிஸ் மூச்சைப் பிடித்துக் கொண்டாள். ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடேன் என்று ஒரு மனம் கெஞ்சியது; சொல்லித் தொலைத்துவிடாதே என்று இன்னொரு மனம் அதட்டியது.

பட்டாணி பிரின்சிபாலைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மிஸ், இதுக்கு நான் எங்க நிக்கணும்?"

பிரின்சிபால் மெதுவாகச் சிரித்தார். அந்த விறைப்பான முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எங்க ஒண்ணாம் வகுப்புல பிள்ளைங்களை ஒரு இடத்துல உக்கார வைக்கவே பாதி வருஷம் போயிடுது" என்றார் மேடத்திடம். "விளையாட்டுப் பள்ளியிலேர்ந்து வர்ற பிள்ளைங்கன்னாலே எனக்குப் பயம். இஷ்டத்துக்குக் கேள்வி கேக்கும், இஷ்டத்துக்கு எழுந்து போகும். நீங்க இருமினாலே போதும்ங்கற அளவுக்குக் கொண்டு வந்திருக்கீங்க. இந்தக் குழந்தையை நான் எடுத்துக்கறேன். மத்தவங்களையும் பாக்கறேன்."

மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிரின்சிபாலை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்து, "அடுத்த வருஷமும் இதே முறைதான் மிஸ்" என்றார். இருவரையும் சேர்த்து மனதுக்குள் காறித் துப்பிவிட்டு, "சரி மேடம்" என்றாள் மிஸ். காரியம் ஆகிவிட்டதே.

வீட்டுக்கு வந்ததும் முதல் போன் ஓர்ப்படிக்குத்தான். "ஆமாங்க்கா, பரீட்சை கூட வைக்கலை, பாத்ததும் எடுத்துக்கிட்டாங்க" என்றாள், தேன் ஒழுக. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எத்தனை நாளாகக் காத்திருந்த மௌனம் அது. மிஸ் அதை ரசித்துக் கேட்டாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது பட்டாணி கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மிஸ் தன் கைப்பையைத் திறந்து, பின்கட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த அந்த ஒற்றைச் செருப்பையும் ரிப்பனையும் எடுத்தாள்.

"டாக்டர், இவங்களுக்கு உடம்பு சரியில்லையாம். கொஞ்சம் பாருங்க."

பட்டாணி செருப்பை வாங்கினாள். காதில் வைத்துக் கேட்டாள். அவள் புருவம் பழையபடி சுருங்கியது. மடியில் போட்டு, ரிப்பனைப் பிரித்து, ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒன்றும் கெட்டுப் போகவில்லை, பிள்ளை அப்படியேதான் இருக்கிறது என்று மிஸ் நினைத்தாள்.

பட்டாணியின் அப்பா லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்கத் தூசியில் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். குழாயடியில் முகம் கழுவியவர் தொண்டையைச் செருமி, ஒருமுறை இருமினார்.

பட்டாணி செருப்பை அப்படியே தரையில் வைத்தாள். எழுந்தாள். கூடத்தின் அடுத்த மூலைக்குப் போய், சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தில் சிரிப்பை வைத்துக் கொண்டாள்.

"ஏய், அது உங்கப்பாடீ. அப்பா இருமினாங்க" என்றாள் மிஸ். "நீ வா, கட்டைப் போட்டு முடி. பாவம், அது அழுவுதுல்ல."

"இல்ல மிஸ்" என்றது குழந்தை. "அது முடிஞ்சிடுச்சு."

மேடத்தைத் திட்டத்தான் அவள் வாயைத் திறந்தாள். வீட்டில் மேடம் இல்லை.