முட்டை இல்லாத கேக்

சனிக்கிழமைச் சந்தையில் கேக் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. காய்க்காரர்களுக்கும் தேன்காரருக்கும் நடுவே மேசை போட்டு, வீட்டில் முட்டை சேர்க்காமல் சுட்ட கேக்குகளை விற்பாள். அந்த வெள்ளிக்கிழமை பார்த்து அவளுடைய ஓவன் மண்டையைப் போட்டது. பழுது பார்ப்பவரோ திங்கட்கிழமைக்கு முன் முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

ஒரு வாரம் மேசை காலியாகக் கிடந்தால் வாடிக்கை கைவிட்டுப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு பேக்கரிக்குப் போய் முப்பது கேக் வாங்கி வந்தாள். கடைக் காகிதத்தைப் பிரித்துவிட்டுத் தன் காகிதத்தில் சுற்றி, ‘வீட்டில் சுட்டது’ என்ற சீட்டை ஒட்டினாள்.

மறுநாள் சந்தையில் பாதி கேக் தீர்ந்திருந்தபோது தையல்காரர் மகளோடு வந்தார். அந்தச் சிறுமிக்கு முட்டை ஆகாது. தின்றால் மூச்சுத் திணறும். அதனாலேயே இவளிடம் மட்டும் வாங்குபவர்.

“முட்டை இல்லதானேக்கா?”

“நான் என்னைக்குப் போட்டிருக்கேன்?”

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவர்கள் நாலு கடை தள்ளிப் போன பிறகுதான், கொடுத்தது கடைக் கேக் என்பது அவளுக்கு உறைத்தது. போட்டது போட்டபடி ஓடினாள். வெங்காயக் குவியலருகே சிறுமி காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவள் தட்டிவிட்டதில் கேக் மண்ணில் விழுந்தது.

“என்னக்கா இது?”

“அது நான் சுட்டதில்ல. அடுப்பு கெட்டுப்போச்சுன்னு கடையில வாங்கினேன். முட்டை இருக்கும்.”

மூச்சிரைக்கச் சொன்னதில் குரல் உயர்ந்துவிட்டது. சுற்றியிருந்த காய்க்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வாயில வச்சியாம்மா?” என்று மகளைக் கேட்டார் தையல்காரர். இல்லையென்று அவள் தலையாட்டியதும், சட்டை நுனியால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு, “அடுப்பு கெட்டுப்போச்சு, இன்னைக்கு இல்லன்னு சொல்லியிருந்தா அடுத்த வாரம் வாங்கியிருப்பேனேக்கா,” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

திரும்பி வந்து, மீதியிருந்த கேக்குகளின் சீட்டுகளைக் கிழித்தாள். தேன்காரர் இந்தப் பக்கம் பார்க்காமல் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓர் அட்டையில், ‘இன்று விற்றது கடைக் கேக். முட்டை இருக்கலாம்’ என்று எழுதி வைத்து, சந்தை கலையும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். படித்தவர்கள் அவள் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் தானே சுட்டுக்கொண்டு வந்தாள். தையல்காரர் எதிர் வரிசையில் கீரை வாங்கிக்கொண்டு நடந்தார். சிறுமி மட்டும் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். கேக் அக்கா எதையோ தேடுபவள்போல மேசைக்கடியில் குனிந்துகொண்டாள்.