தூக்கிய கைகள்

புத்தூரை ஒட்டிய ஆலப்பட்டடையை நகராட்சியின் புதிய வார்டாகச் சேர்ப்பதா என்று முடிவு செய்ய, காலை பதினோரு மணிக்குக் கிராமசபை கூடியது. வந்து கையெழுத்துப் போட்டவர்கள் நாற்பத்து மூன்று பேர். பஞ்சாயத்துச் செயலாளர் ஹேமலதா தீர்மானத்தைப் படித்துவிட்டு, "வேணாங்கிறவங்க கை தூக்குங்க" என்றாள்.

எல்லோரும் தூக்கினார்கள். எண்ணினாள், அறுபத்தொன்று. மறுபடி எண்ணினாலும் அறுபத்தொன்றுதான்.

"கையெழுத்துப் போடாம உள்ள வந்துகீறது யாரு?"

எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று பேர்தான் போனார்கள். கடைசியாக வெளியே வந்த ஊர்த் தலைவர், சர்பஞ்ச் முனிரத்தினம், உள்ளே திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"இந்த ஊர உண்டாக்கினது பதினெட்டு பேரு மேடம். ஊர் விசயம் பேசுற அன்னிக்கெல்லாம் அவங்களும் வந்துக்கினுதான் கீறாங்க. நீங்க எண்ணினதையே எழுதுங்க."

காலியான கூடத்துக்குள் பலர் எழுந்திருக்கும் துணிச் சத்தம் கேட்டது. ஹேமலதா வழிவிட்டு ஒதுங்கினாள். வெயில் கொளுத்திய அந்த வாசலில் குளிர்ந்த காற்று ஒருவர் பின் ஒருவராக அவள் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. அது நின்ற பிறகு, படியில் உட்கார்ந்து, எதிர்ப்பு அறுபத்தொன்று, தீர்மானம் தோற்றது என்று எழுதினாள்.