பெயரை வைத்துத் தேடுகிறவள்

வஃபாவின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பிரான்ஸ் ஹீட்டர் நிறுவனமொன்றுக்காகத் துனிஸில் நடக்கும் அந்தக் கால் சென்டருக்குள் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு, அவள் சோஃபி.

"தேடிக்கிட்டிருக்கேன் மேடம். லியோன்ல இன்னைக்கும் மழையா?"

காத்திருப்பை நிரப்பத்தான் இந்தப் பேச்சு. பிரான்ஸ் ஊர்களின் வானிலையை மஞ்சள் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டியிருந்தாள். வாடிக்கையாளர் எண் இருந்தால் விவரம் உடனே வந்துவிடும். பெயரை வைத்துத் தேடினால்தான் இழுபறி. எண் தெரியாதவர்களை மற்றவர்கள் துண்டித்துவிடுவார்கள். வஃபாவுக்கு மனம் வராது. ஹீட்டர் நின்றுபோய்க் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள்.

காபி இயந்திரத்தருகே கணினிப் பிரிவு ஷெத்லியைப் பிடித்தாள்.

"உன் மெஷின் தூங்குது, திட்டு எனக்கு விழுது. இந்த மாசமும் அழைப்புக் கணக்குல கடைசியா வந்தா வீட்டுக்குப் போன்னு மேலாளர் மொன்செஃப் சொல்லிட்டாரு."

"நம்பரைக் கேட்டுத் தொலைச்சா என்ன?"

"குளிர்ல நடுங்குற கிழவிகிட்ட ரசீதைத் தேடுன்னு நீயே வந்து சொல்லு."

ஷெத்லி அன்றே உட்கார்ந்து பார்த்தான். பெயர்களைச் சிலர் பெரிய எழுத்திலும் சிலர் சின்ன எழுத்திலும் பதிந்திருந்தார்கள். அதனால் நிரல் ஒவ்வொரு பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட்டது. தேடலுக்கு வழிகாட்டும் பெயர்ப் பட்டியலான இன்டெக்ஸோ பதிந்தபடியே அடுக்கப்பட்டிருந்தது. மாற்றிய பெயருக்கு அது உதவாது. ஒவ்வொரு அழைப்புக்கும் நிரல் லட்சக்கணக்கான பெயர்களை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிக்கொண்டிருந்தது. சின்ன எழுத்துக்கு மாற்றிய பெயர்களைக் கொண்டே இன்னொரு இன்டெக்ஸ் போட்டான். ஒரே வரிதான். இவ்வளவு நாள் பார்க்காமல் விட்டதற்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் வட்டம் சுற்றவேயில்லை. மழையைப் பற்றிக் கேட்குமுன் விவரம் வந்து நின்றது.

"நாளைக்கு முட்டை வச்சுப் பொரிச்ச பிரிக் என் செலவு," என்றாள் வஃபா.

மொன்செஃபும் மகிழ்ந்தார். இவ்வளவு சீக்கிரம் முடிகிற வேலைக்கு இத்தனை பேர் எதற்கு? மாத அழைப்புக் கணக்கில் பின்தங்கியவர்களை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார். ஷெத்லி அவர் அறைக்கு ஓடினான்.

"சார், வஃபா மெதுவா இருந்ததுக்கு மெஷின்தான் காரணம்."

"மத்தவங்களுக்கும் அதே மெஷின்தானே?"

"அவங்க நம்பர் இல்லாதவங்களைத் துண்டிச்சுட்டாங்க. இவ பேரை வச்சுத் தேடிக் கொடுத்தா."

"நம்பர் இல்லைன்னா போனை வச்சுடணும், அதான் விதி. மீறினது அவதான்."

திங்கட்கிழமை எல்லாத் திரைகளிலும் புது உத்தரவு ஒட்டப்பட்டது: 'வாடிக்கையாளரிடம் எண் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. பெயரை வைத்தே தேடவும்.' வஃபாவின் காலி இடத்துத் திரையிலும் ஒட்டினார்கள். பழைய மஞ்சள் தாளைக் கிழிக்க யாரும் மெனக்கெடவில்லை. அதன் மேலேயே ஒட்டிவிட்டார்கள். கீழே ஒரு வரி மட்டும் வெளியே தெரிந்தது: லியோன், மழை.