பந்தில்லாத ஆட்டம்

விடியுமுன்னே ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேரும் அலபாமாச் செம்மண் சேற்றில் முழங்கால் புதைய நின்று பேருந்தைத் தள்ளினார்கள். கிளியோபஸ் டார்வருக்கு வலது தோள் மட்டுமே உதவியது. இடது கை கழுத்துத் துணியில் தொங்கியது. முந்தின நாள், உயரப் பறந்த பந்தைத் துரத்திப் பலகை வேலியில் மோதியதில் முறிந்த கை. பந்தை மட்டும் விடவில்லை. கறுப்பர் பேஸ்பால் அணியின் வெளிக்களத்தில் பதினேழு வருடம் ஓடித் தேய்ந்த கால்கள் சேற்றில் வழுக்கின.

முதலாளி பொஹானன் சுருட்டும் கையுமாக முன்சீட்டில் இருந்தார்.

“அவரு இறங்கினா வண்டி தானா ஏறிடும்ணே,” என்றான் மட்டைக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் வெண்டல்.

மைதானம் சேர்ந்ததும் கிளியோவின் பையைப் பொஹானன் மரத்தடியில் இறக்கி வைத்தார்.

“நீ இங்கயே நின்னுக்க கிளியோ. ஒத்தக் கைக்கு ஒரு சீட்டு கட்டுப்படியாகாது.”

“நம்ம கறுப்பு ஆளைச் சேக்கிற ஆஸ்பத்திரி இங்க இல்ல முதலாளி. மெம்பிஸ்ல என் வீட்டுலயாவது இறக்கி விடுங்க.”

“வழியில உனக்குப் பதிலா ஒரு இளந்தாரியை ஏத்தணும். இடம் வேணும்.”

பொஹானனும் கறுப்பர்தான், வியாபாரம் பேசும்போது மட்டும் அது மறந்துவிடும். கிளியோவுக்கு மல்லுக்கட்டத் தெம்பில்லை. பையின் மேலேயே உட்கார்ந்தார்.

ஆட்டத்துக்கு முன் ஜனங்களைச் சிரிக்கவைக்கப் பந்தே இல்லாமல் ஆடிக்காட்டுவது அணியின் வழக்கம். வெறுங்காற்றை எறிந்தார்கள், அடித்தார்கள், பாய்ந்து பிடித்தார்கள். கூட்டம் குலுங்கியது. நடுவர் நிஜப் பந்தை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. காற்றையே எறிந்துகொண்டிருந்தார்கள்.

பொஹானன் ஓடி வந்தார். “போதும்டா கோமாளித்தனம்! பந்தை எடுங்க!”

“எந்தப் பந்து முதலாளி?” வெண்டல் கண்ணைச் சுருக்கினான். “கிளியோ அண்ணன் பை வண்டியில ஏறட்டும். அப்புறம் கண்ணு தெரியும்.”

“நாளைக்கே வேற ஆளைப் பிடிப்பேன்!”

“பிடிங்க. இந்தக் கூட்டம் இன்னிக்குல்ல வந்திருக்கு?”

கூட்டத்தின் சிரிப்பு ஓய்ந்தது. ஒரு சலவைக்காரி எழுந்து கத்தினாள்: “அந்த மனுசனை ஏத்துய்யா!”

பொஹானனின் சுருட்டு அணைந்திருந்தது. பை மரத்தடியிலேயே கிடந்தது.

கிளியோ எழுந்தார். மைதானத்து எல்லைக்கோட்டைத் தாண்டி மெல்ல நடந்து, வெளிக்களத்தில் தன் பழைய இடத்தில் போய் நின்றார். வெண்டல் மட்டையை ஓங்கிச் சுழற்றினான். களத்தில் நின்ற மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

இல்லாத பந்துக்காகக் கிளியோ பின்னோக்கி ஓடத் தொடங்கினார், நல்ல கையை உயர்த்தியபடி.