லேத்தும் மில்லிங்கும் சேர்த்துத்தான்

பழைய இயந்திர வியாபாரியின் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே டர்னருக்குக் குமட்டியது. முப்பது வருடம் பட்டறையில் லேத் ஓட்டி இரும்பு கடைந்தவருக்கு எண்ணெய் நாற்றம் புதிதல்ல. வயிற்றைப் பிரட்டியது புதுப் பெயிண்ட் நாற்றம். ஓட்டை உடைசலை மறைக்கத்தானே இப்படி அப்பி வைக்கிறான்கள்!

ஓய்வு பெற்றதிலிருந்து, வீட்டுப் பின்னறையில் ஒரு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் போட்டுவிட வேண்டும் என்று அலைகிறார். இது ஆறாவது இடம். முந்தைய ஐந்திலும் நொட்டை சொல்லிவிட்டுத் திரும்பினார். "இன்னைக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா அந்த ரூமை வாடகைக்கு விட்டுடுவேன்" என்று மனைவி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். கூடவே தன் தம்பியையும் காவலுக்கு அனுப்பியிருந்தாள்.

மில்லிங் மெஷினில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் மேஜை அலுங்காமல் நகர்ந்தது, ஒரு கீறல் இல்லை. அது வேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பச்சைப் பெயிண்ட் அடித்த லேத் அவரைக் கைவிடவில்லை. இரும்பைக் கவ்விச் சுழலும் 'சக்'கை ஒட்டிய இடத்தில், 'பெட்' என்னும் அடித்தண்டவாளத்தின் மேல் நகத்தை ஓட்டினார். பள்ளத்தில் தடுக்கியது. வெட்டுளியைச் சுமந்து அதன் மேல் நகரும் கேரேஜ் இந்தப் பக்கம் லொடலொடவென்று ஆடியது, தேயாத மறுகோடிக்குத் தள்ளினால் இறுகி நின்றது.

"த்தூ! உப்புத்தாள் போடும்போது பெட்டு மேல ஒரு கந்தத் துணி விரிக்க உடம்பு வணங்கல இத ஓட்டினவனுக்கு. பொடியெல்லாம் விழுந்து வருஷக்கணக்கா அரிச்சிருக்கு. சோறு போட்ட மெஷினை இப்படியா வச்சிருப்பான்? குளிக்கவாச்சும் குளிப்பானா அந்த எருமை?"

"சோம்பேறியா இருந்திருப்பான் மாமா" என்று மச்சினன் ஒத்து ஊதினான்.

"சோம்பேறியா? திமிரு புடிச்சவன்!"

"அப்ப மில்லிங்க மட்டும் எடுத்துக்கலாமே?"

"ரெண்டும் சேர்த்துத்தான்" என்றார் வியாபாரி. "ஒரே பேக்டரில இருந்து வந்தது. மூடிட்டாங்க."

வசவு முடியாத வேகத்தில் டர்னர் கேரேஜ் சக்கரத்தைச் சுழற்றினார். கைப்பிடி உள்ளங்கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. சுழற்றுவதை நிறுத்தினார். நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே பித்தளை, அதைச் சுற்றி மூன்று வரிப் பள்ளம். கைப்பிடியின் பழைய கறுப்புக் குமிழ் உடைந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் பித்தளைத் தடியைக் கடைந்து, கை வழுக்காமலிருக்க மூன்று வரி வெட்டி அவரே மாட்டியது. இதே மாதிரி லேத் ஊரில் நூறு இருக்கலாம். இந்தக் குமிழ் ஒன்றுதான்.

மெதுவாக மில்லிங் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். அதை ஓட்டியவனுக்குத் 'தொடப்பம்' என்று பெயர் வைத்ததே இவர்தான். மணி அடித்த பிறகும் நின்று துடைத்துக்கொண்டிருப்பான். "அப்படியே அதுக்குத் தலையும் வாரி விடுடா" என்று இவர் கத்த, பட்டறையே சிரிக்கும்.

"நேத்து ஒருத்தர் வந்தாருங்க, இந்த மில்லிங்க ஓட்டினவராம்" என்றார் வியாபாரி. "ஆசையாத்தான் பாத்தாரு. லேத்தையும் சேத்துத்தான்னு சொன்னதும், 'அத ஓட்டினவனுக்கே வித்துடுங்க'ன்னுட்டுப் போயிட்டாரு."

டர்னருக்கு மறுபடி குமட்டியது. இந்த முறை பெயிண்ட் காரணமல்ல. தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"வேற எடம் பாப்போமா மாமா?"

"வேணாம். ரெண்டையும் ஏத்தச் சொல்லு. இத வேற எவன் தலையில கட்ட முடியும்?"