கூண்டுக் கதவுக்காரர்

பெல்மோர் நகரில், எல்லாரும் ரோலி என்று கூப்பிடும் ரோலண்ட் கிராபோஸ்கியைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்ல ஆள் கிடைக்காது. முப்பத்தோரு வருடமாகத் தபால்காரர். விலாசம் மாறி வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றை, முழங்கால் பனியில் இரண்டு மைல் நடந்துபோய் உரியவள் கையில் கொடுத்துவிட்டு வந்த மனிதர். அப்படிப்பட்டவரைத் தேடிப்பிடித்துத்தான் உள்ளூர் ஹேமர்ஸ் அணிக்காரர்கள் கூண்டுக் கதவருகே உட்காரவைத்தார்கள்.

கவுண்டி அரங்கத்தில் வெள்ளிக்கிழமை ஐஸ் ஹாக்கி. சனிக்கிழமை மல்யுத்தமோ, படகுக் கண்காட்சியோ, பள்ளிக்கூடப் பட்டமளிப்போ, எது வருகிறதோ அது. ஞாயிறு மதியம் ஐஸ் தளத்தின்மேல் பலகை அடுக்கி, அதன்மேல் பச்சை விரிப்பை உருட்டிவிட்டால் ஹேமர்ஸின் உள்ளரங்கக் கால்பந்துக்கு இடம் தயார். ஹாக்கிக்காகக் கட்டிய பலகைச் சுவரும் கண்ணாடியும் அப்படியே நிற்கும். பந்து சுவரில் மோதித் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. முரட்டாட்டம் ஆடியவனுக்கு நடுவர் நீல அட்டை காட்டுவார். அவன் இரண்டு நிமிடம் ஓரத்துக் கூண்டில் உட்கார வேண்டும். அதுவரை அவனுடைய அணிக்கு ஓர் ஆள் குறைவு. நேரம் முடிந்ததும் கதவின் கொக்கியைத் தூக்கி அவனை வெளியே விடுவதுதான் ரோலியின் வேலை. பத்தொன்பது வருடமாக வெளியூர் அணியின் கூண்டு அவர் பொறுப்பு. கூண்டை ஒட்டிய மேசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவர் வெர்ன். பக்கத்துத் தெருக்காரர், பழைய சிநேகிதர்.

மார்ச் கடைசி ஞாயிறு, அரையிறுதி. மேரிடன் அணியோடு ஐந்துக்கு ஐந்து. ஆட்டம் முடிய நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது மேரிடனின் தடுப்பாட்டக்காரன் எஃப்ராயின் சலாஸ் ஒருவனைக் காலை வாரிவிட்டு நீல அட்டை வாங்கினான். முப்பத்து நாலு வயது. மூச்சிரைக்க வந்து ரோலியின் பக்கத்தில் பெஞ்சில் விழுந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டம் கையால் தட்டித் தட்டிக் கத்தியது.

“தாத்தா, கால் வலிக்குதா? சக்கர நாற்காலி கொண்டாரட்டுமா?”

“அங்கயே உக்காரு! உங்க ஊர் பஸ் வர நேரமாகும்!”

எஃப்ராயின் தண்ணீரைக் குடித்துவிட்டு ரோலியைப் பார்த்தான். “பெரியவரே, இவங்கள்லாம் உங்க சொந்தக்காரங்களா?”

“அந்தக் குண்டன் மட்டும். என் மச்சினன்.”

“ஐயோ பாவம். உங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன்.”

ரோலி வாய்விட்டுச் சிரித்தார். அவரே பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தார்: அந்த மனிதனை அவருக்குப் பிடித்திருந்தது. கோபமோ பகையோ எதுவும் இல்லை.

வெர்ன் எண்ண ஆரம்பித்தார். “மூணு, ரெண்டு, ஒண்ணு. விடு.”

எஃப்ராயின் எழுந்து கதவை ஒட்டி நின்றுவிட்டான். ரோலியின் கை கொக்கிமேல்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஹேமர்ஸ் அடித்த பந்து சுவரில் மோதி, மேரிடன் பக்கம் யாருமே இல்லாத வலது மூலைக்கு உருண்டது. எஃப்ராயின் போய் நிற்க வேண்டிய இடம் அது. ரோலி அதைப் பார்த்தார். கை எழவில்லை.

“கதவு! பெரியவரே, கதவு!”

கொக்கியை ஆட்டினார். தூக்கவில்லை; ஆட்டினார். சிக்கிக்கொண்டதுபோல. பலகையைத் தாண்டிக் குதித்தால் இன்னொரு அட்டை என்பது அவனுக்குத் தெரியும், அதனால் கதவைத் தோளால் இடித்தான். மூலையில் பந்தை எட்டிய ஹேமர்ஸ்காரன் அதை வலைக்குள் உதைத்தான். அரங்கமே எழுந்து நின்றது. அப்போதுதான் ரோலி கொக்கியைத் தூக்கினார். அது வெண்ணெயில் இறங்கிய கத்திபோல் வந்தது.

எஃப்ராயின் நேரே நடுவரிடம் ஓடினான். நடுவர் கூண்டருகே வந்து கேட்டார்: “ரோலி, கதவு சிக்கிச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாதிப் பொய்யாகவாவது போயிருக்கும். ஆனால் கதவு நல்ல கதவு, இப்போதே ஆட்டிப் பார்த்துவிடுவார்களே என்ற பயம்.

“இல்லையே. டைமுக்குத் திறந்துட்டேன். அவருதான் எந்திரிக்க லேட்டு.”

ரோலி சொன்னால் சொன்னதுதான். நடுவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒளிபரப்புக்கென்று இருந்த ஒரே கேமரா பந்தின் பின்னால் போயிருந்தது. எஃப்ராயின் திரும்பி ரோலியைப் பார்த்தான். திட்டவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கணக்கு எங்கே தப்பியது என்று தெரியாதவனின் முகம்.

ஆறுக்கு ஐந்தில் ஹேமர்ஸ் வென்றது. இரண்டு வாரம் கழித்து இறுதி ஆட்டத்தில் ஒன்பதுக்கு நாலு என்று மண்ணைக் கவ்வியது வேறு கதை.

அரையிறுதி முடிந்த வார வெள்ளிக்கிழமை, தவக்காலத்து மீன் விருந்துக்கு தேவாலயத்தின் கீழ்க்கூடம் நிரம்பி வழிந்தது. மச்சினன் வறுத்த மீன் தட்டோடு மேசைமேசையாக எஃப்ராயினைப் போல் நடித்துக் காட்டினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் முனகினான்.

“அவன் கால்ல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தியிருக்குப்பா! இல்லியா ரோலி? நீதானே பக்கத்துல இருந்தே?”

எல்லோரும் ரோலியைப் பார்த்தார்கள். ரோலி சிரித்தார். “ஆமா ஆமா, ஈயந்தான்” என்றும் சொல்லிவைத்தார். வெர்ன் மட்டும் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

மேரிடன் பத்திரிகையை ரோலி தினமும் கணினியில் தேடிப் படிக்கத் தொடங்கினார். மனைவி நோரீன் அறைக்குள் வந்தால் சட்டென்று வேறு பக்கத்துக்கு மாற்றுவார். மே மாதம் அது வந்தது. ‘சலாஸை அணியிலிருந்து விடுவித்துவிட்டோம்’ என்று சொல்லியிருந்தார் பயிற்சியாளர். ‘நல்ல பையன். ஆனால் பெல்மோரில் எல்லாரும் பார்த்தீர்களே, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன்போல் உட்கார்ந்திருந்தான்.’

அதன்பிறகு தபால் வழியில் யாராவது “ரோலி மாதிரி மனுஷன் உண்டா” என்று சொன்னால் அவருக்குக் காது சுட்டது. நாய் குரைத்தால்கூட அதற்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டு, கோபப்பட்டேன், ஜெபத்தை மறந்தேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு, பெரியதைச் சட்டைக்குள் வைத்தபடியே திரும்பி வந்தார். பாதிரியாரும் ஹேமர்ஸ் ரசிகர்.

அக்டோபரில் அணியிலிருந்து கடிதம் வந்தது. இருபதாவது வருடம், முதல் ஆட்டத்தன்று மைதானத்தின் நடுவில் நிற்கவைத்து மரியாதை செய்யப்போகிறார்களாம். நோரீன் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். மகளுக்குப் போன் போட்டாள். நீலக் கவுனா, சாம்பல் கவுனா என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது ரோலி மேசையருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. செய்ததே அவ்வளவு சின்னது.

நோரீன் கவுன்களை நாற்காலிமேல் போட்டாள். “அந்த ஆளுகிட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட ஏன் சொல்றே? நான் என்ன, உனக்குக் குப்பைத் தொட்டியா?”

“நோரீன்...”

“மீன் விருந்துல நானும் சிரிச்சேன், ரோலி. அந்த ஆள் நடக்கிற மாதிரி நானும் நடந்து காட்டினேன். என்னையும் சேத்துல இழுத்து விட்டுட்டியே.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் அவர் மேரிடன் அணி அலுவலகத்துக்குப் போன் செய்தார். எஃப்ராயின் இப்போது ஓடு பதிக்கும் வேலை செய்கிறான், புது நூலகத்தில் இருப்பான் என்றார்கள். சனிக்கிழமை காலை நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனார்.

நூலகத்தின் கழிப்பறைத் தரையில் முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு எஃப்ராயின் குனிந்திருந்தான். நிமிர்ந்தவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கூண்டருகே போடும் சிவப்புச் சட்டை இன்று ரோலிமேல் இல்லையே.

“பெல்மோர்லேருந்து வர்றேன். கூண்டுக் கதவுல இருக்கிறவன்.”

“அட, மச்சினன்காரரே!” எஃப்ராயின் சிரித்தான். “ஈரத்துல கால் வைக்காதீங்க. என்ன இவ்ளோ தூரம்?”

அந்தச் சிரிப்பின் எதிரில் சொல்வதுதான் ரோலிக்கு ரொம்பக் கஷ்டமாயிருந்தது. வழிநெடுக ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

“அன்னிக்குக் கதவு சிக்கல. நான்தான் திறக்கல. வேணும்னே. அப்புறம் நடுவர்கிட்ட, நீங்க லேட்டுன்னு பொய் சொன்னேன்.”

எஃப்ராயின் கையிலிருந்த சாந்துக் கரண்டியைத் தரையில் வைத்தான். ஓட்டின் ஓரத்தில் வழிந்த சாந்தை விரலால் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“முதல் ஒரு வாரம் எல்லார்ட்டயும் சொன்னேன்” என்றான் கடைசியில். “கதவு திறக்கலை, கதவு திறக்கலைன்னு. கோச் சிரிச்சாரு. பசங்க தோள்ல தட்டிக் குடுத்தாங்க. அந்தத் தட்டுதான் தாங்கல. அப்புறம் நானே யோசிச்சேன். அந்தப் பெரியவர் பாக்க நல்ல மனுஷனா இருந்தாரு, அவரு எதுக்குப் பொய் சொல்லணும்? நான்தான் லேட்டு போல. கதவை இடிச்சது, கத்தினது எல்லாம் நானா கற்பனை பண்ணிக்கிட்டேன் போலன்னு.”

ரோலி வாயைத் திறந்தார்.

“இருங்க. வெளிய ரெண்டு டீம்லேருந்து கூப்பிட்டாங்க. போகல. கால் போச்சு, இனிமே போய் மானம் கெடுவானேன்னு இருந்துட்டேன். கால் போகல, இல்ல?”

“போகல. நீங்க வெர்ன் எண்ணி முடிக்கிறதுக்கு முன்னாடியே கதவுகிட்ட நின்னீங்க.”

“எத்தனை மாசம் ஆச்சு?”

“ஏழு.”

“ஏழு மாசம் வச்சிருந்தீங்க இதை.” எஃப்ராயின் எழுந்தான். அடிக்கப்போகிறான் என்று ரோலி நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். அவன் போனை எடுத்து மனைவியை அழைத்து, ஸ்பானிய மொழியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நீட்டினான். “எங்கிட்டச் சொன்னதை அவகிட்டச் சொல்லுங்க. அவ நம்புற மாதிரிதான் காட்டிக்கிட்டா. நம்பலைன்னு எனக்குத் தெரியும்.”

முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், சாந்து வாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ரோலி முதலிலிருந்து சொன்னார். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது.

“எவ்ளோ நேரம் மூடி வச்சிருந்தீங்க?” என்று கேட்டாள்.

“மூணு செகண்ட் இருக்கும்மா.”

அவள் கணவனிடம் கொடுக்கச் சொன்னாள். போனைக் கொடுத்தார். அவள் என்ன சொன்னாளோ, எஃப்ராயின் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. ரோலி அங்கே நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றார். பேசி முடித்ததும் அவன் திரும்பாமலே ரோலியிடம் சொன்னான்: “எழுதிக் குடுத்துடுங்க. லீகுக்கு, எங்க கோச்சுக்கு, ரெண்டு ஊர்ப் பேப்பருக்கும். மன்னிப்பெல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்க. இன்னிக்கு இல்ல. போயிட்டு வாங்க.”

எழுதிக் கொடுத்தார். முதலில் ஹேமர்ஸின் மேலாளர் கெயிலிடம் காட்டினார்.

“ரோலி, போன சீசன் ஆட்டம். முடிஞ்சுபோன கதை. இதைக் கிளப்பி யாருக்கு என்ன லாபம்?”

“அவருக்கு.”

“நமக்கு?”

ரோலி கடிதங்களை மடித்து உறையில் வைத்தார். தபாலில் போட்டுவிட்டார்.

லீகிலிருந்து மூன்று வரி அறிக்கை வந்தது. ஆட்டத்தின் முடிவு மாறாது. கதவுப் பணியாளர் நீக்கப்பட்டார். கடிகாரப் பணியாளரை விசாரித்ததில் அவர் எதையும் கவனிக்கவில்லை என்று தெரிவித்தார். மேரிடன் பயிற்சியாளர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எஃப்ராயின் மிசௌரி பக்கம் ஓர் அணியில் சேர்ந்து பதினோரு ஆட்டம் ஆடினான் என்று ரோலி பிறகு படித்தார். நன்றாக ஆடினான் என்றும் இல்லை, மோசம் என்றும் இல்லை. அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை, ரோலியும் எதிர்பார்க்கவில்லை.

பெல்மோரில் கதை வேறாக இருந்தது. கதவைப் பிடித்து வைத்ததற்காக யாரும் கோபப்படவில்லை; வாயைத் திறந்ததற்காகத்தான். “ஜெயிச்சதுல மண்ணை அள்ளிப் போட்டுட்டானே பாவி” என்றான் மச்சினன், நோரீன் எதிரிலேயே. நோரீன் அவனை வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள். ஆனால் ரோலியிடம் அவள் பழையபடி பேச அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. நீலக் கவுன் கடைக்குத் திரும்பிப் போனது.

தபால் வழியில் கையசைத்தவர்கள் இப்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். வெர்னின் வீடும் அந்த வழியில்தான். முன்பெல்லாம் சூடான காபியோடு வாசலில் நிற்பவர், நவம்பரிலிருந்து வெளியே வரவில்லை. ரோலி பெட்டியில் தபாலைப் போட்டுவிட்டு, நிமிராமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சிநேகிதத்தையும் சேர்த்து இழந்தோம், அதற்கும் லாயக்குதான் என்று எண்ணிக்கொள்வார்.

பிப்ரவரியில் ஒரு நாள் வெர்ன் கதவைத் திறந்து, கோட்டுகூட இல்லாமல் பனியில் இறங்கி வந்தார்.

“யோவ், நில்லு.”

ரோலி நின்றார். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார் வெர்ன். “நீ எழுதின மாதிரி மூணு செகண்ட் இல்ல. அஞ்சு. நான் கடிகாரத்தைப் பாத்துட்டு, உன் கையைப் பாத்தேன். கோல் விழுந்ததும் எல்லாரோடயும் சேந்து குதிச்சேன். லீகுக்காரன் போன் பண்ணிக் கேட்டப்பவும், கவனிக்கலைன்னுட்டேன்.”

அவர் மூக்கு சிவந்திருந்தது. குளிரா, வேறா, தெரியவில்லை.

“உன்னைப் பாத்தாலே எனக்கு எரிச்சல் வருதுய்யா. நீ சொல்லித் தொலைச்சிட்டே. நான் இன்னும் அந்த மேசையிலதான் உக்காந்திருக்கேன், ஒவ்வொரு ஞாயிறும்.”

ரோலிக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. தன்னைப்போலவே இன்னொருவன் என்ற ஆறுதல் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அதை நினைத்து மறுபடி வெட்கப்பட்டார். தபால் பைக்குள் கையை விட்டு வெர்னின் மின்கட்டணச் சீட்டையும் ஒரு விதை வியாபாரியின் விளம்பரப் புத்தகத்தையும் எடுத்து, பெட்டியில் போடாமல் கையில் கொடுத்தார்.

“உள்ள போ வெர்ன். கோட்டு இல்லாம நிக்கறே.”

வெர்ன் போகவில்லை. “மேரிடன்ல அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு, நீ சொன்னப்ப?” என்று கேட்டார்.

ரோலி பையைத் தோளிலிருந்து இறக்கிப் பனிமேல் வைத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தார்.